ஜீன் பொறியும் சுண்டெலிக் குருத்தணுவும்

ஒரு ஜீனின் பணியை அறிய, அதைத் தடைப்படுத்தி, விளையும் குறையைக் காண்பது சிறந்த வழியாகும். உடலின் எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல குருத்தணுக்கள் 1981-ல் சுண்டெலிக் கருவிலிருந்து பிரித்து வளர்க்கப்பட்டன. இவற்றுள் செலுத்தப்படும் டி.என்.ஏ. துண்டே 'பொறி'. அது தற்செயலாக ஒரு ஜீனினுள் பதிந்து, அதன் செயலைக் குலைக்கிறது. பொறி உண்டாக்கும் நொதி, தக்க வேதிப்பொருளை இட்டதும் நீல நிறம் தந்து, அந்த ஜீன் இயங்கும் இடத்தைக் காட்டுகிறது.

நிறம் இடத்தையே சொல்லும், பணியைச் சொல்லாது. அதற்கு, அவ்வணுக்களின் வழியே பெருகிய சந்ததியில், ஜீனின் இரு பிரதிகளும் பழுதானவற்றை ஆராய வேண்டும். ஜீனை நீக்கும் பிறிதொரு முறையால், 'ருதிரா' எனும் ஜீனற்ற சுண்டெலிக் கருக்கள் இரத்தக் குழாய்கள் ஒழுங்குபடாமல் கருப்பையிலேயே மடிவதைப் பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தார் 2018-ல் காட்டினர். குறை தோன்றாவிடில் ஜீன் வீணென்று முடிவு செய்யலாகாது. அதன் பணியை மற்றொன்று ஏற்றிருக்கக்கூடும்.