வழியிலேயே நொதித்த திராட்சை

நான் ஒயின் அருந்துபவன் அல்லன். சரக்குப் போக்குவரத்தைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில்தான் லெபனான் நாட்டின் மூசார் ஒயின் ஆலை என்னைக் கவர்ந்தது.

1930-இல் கஸ்தோன் ஹோஷார் தொடங்கிய ஆலை இது. ஆலை பெய்ரூட்டுக்கு வடக்கே கஸீரில். தோட்டங்களோ மலைக்கு அப்பால், பெக்கா பள்ளத்தாக்கில். 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர். பெக்கா வழியே சென்ற பெய்ரூட்–டமாஸ்கஸ் ரயிலும் (1895-இல் திறந்தது, நம் நீலகிரி ரயில்போல் பல்சக்கரப் பாதை உடையது) போரில் நின்றுபோயிற்று. திராட்சைக்கு லாரிதான் கதி; வழியெங்கும் சோதனைச் சாவடிகள்.

பறித்த பழம் காத்திருக்காது. நசுங்கினால் தோலில் உள்ள ஈஸ்ட், சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்கும். சூடு ஏற ஏற வேகம் கூடும். மிஞ்சினால் ஈஸ்டே செத்துவிடும். எனவே ஆலைத் தொட்டியில் வெப்பத்தை அடக்கி வைப்பார்கள். லாரியில் அதற்கு ஏது வழி?

1976-இல் ஒயினே எடுக்க முடியவில்லை. 1984-இல் சண்டையால் லாரிகள் தாமதப்பட்டு, பழம் வழியிலேயே நொதித்துவிட்டது. மகன் செர்ஜ் ஹோஷார் அதைக் கொட்டிவிடாமல் ஒயினாக்கினார். அதே ஆண்டில்தான் லண்டனின் ‘டிகான்டர்’ இதழ் அவரை ஆண்டின் மனிதராகத் தேர்ந்தெடுத்தது.

2014 இறுதியில் அவர் காலமானார். 2024 செப்டம்பரில், திராட்சை பறிக்கும் பருவத்தில், பெக்காவில் மீண்டும் குண்டுகள் விழுந்தன.