நெஞ்சுவலி: ‘கேஸ்தான்’ என்று சொல்லுமுன்

கொல்லயில், தனுவச்சபுரம், பாறசாலைப் பக்கம் யாருக்காவது நெஞ்சு வலித்தால் முதலில் வருவது ஒரு சோடா. இரவு மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டிருந்தால் பேச்சே இல்லை, கேஸ் என்று வீடே முடிவுகட்டிவிடும். பல தடவை அது சரியாகவும் இருக்கும். தப்பாகிப்போகும் அந்த ஒரு தடவைக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

1. இதயவலி பலருக்கு வலி போலவே தெரியாது. நடுநெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது போன்ற பாரம், இறுக்கம், பிசைவு என்பார்கள். விரலால் இடம் காட்டத் தெரியாமல் உள்ளங்கையை நெஞ்சில் வைப்பார்கள். இடது கை, இரண்டு தோள், தாடை, முதுகு, மேல்வயிறு வரை பரவலாம். மூச்சுமுட்டல், குமட்டல், குளிர்ந்த வியர்வை சேரும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தும் சட்டை நனைந்தால் சோடாவைத் தேடாதீர்கள்.

2. ஏற்றம் ஏறும்போதும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும்போதும் நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டுப்போகிறதா? அதுவும் இதயத்தின் அடையாளம்தான். தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே வந்தாலும், உட்கார்ந்து ஐந்து நிமிடமாகியும் குறையாவிட்டாலும் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

3. எரிச்சல், புளித்த ஏப்பம், படுத்தாலும் குனிந்தாலும் கூடுவது ஆகியவை இரைப்பை அமிலம் மேலேறுவதைக் காட்டும். ஆனால் ஏப்பம் விட்டதும் ஆறியது, அமில மருந்து குடித்ததும் தணிந்தது என்பதை வைத்து இதயம் இல்லை என்று சொல்ல முடியாது. மாரடைப்பிலும் வயிறு உப்பும், ஏப்பம் வரும், வலி தணிந்து திரும்பவும் வரும். இதயமும் இரைப்பையும் உதரவிதானத்துக்கு மேலும் கீழுமாக அருகருகே இருக்கின்றன. இரண்டின் வலியையும் மூளை குழப்பிக்கொள்ளும்.

4. விரலால் அழுத்தினாலோ கையைத் தூக்கினாலோ அதே வலி வந்தால், வாழைக்குலை சுமந்த தசைப்பிடிப்பாக இருக்கலாம். வியர்வையோ மூச்சுமுட்டலோ கூட இருந்தால் இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

5. மூச்சை இழுக்கும்போது குத்தலும் காய்ச்சலும் இருந்தால் நுரையீரலைச் சந்தேகிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் எரிந்து, சில நாளில் கொப்புளம் வந்தால் அக்கி. ஒரு கால் வீங்கித் திடீரென மூச்சுத்திணறினாலும், முதுகைக் கிழிப்பது போல வலித்தாலும் இதயவலிக்கு உள்ள அதே அவசரம்.

6. சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சே வலிக்காமல் அசதி, வியர்வை, மூச்சுமுட்டலோடு மாரடைப்பு வரக்கூடும். அம்மாமார் சோறு வடித்துவிட்டுப் போகலாம் என்பார்கள். அடுப்பை நீங்கள் அணையுங்கள்.

7. 108 கேரளம், தமிழ்நாடு இரண்டு மாநிலத்துக்கும் ஒரே எண். எல்லையோரமாகையால் கேரளம், நெய்யாற்றின்கரை தாலுக்கா, கொல்லயில் என்று முதலிலேயே சொல்லுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள், பைக்கில் ஏற்றாதீர்கள், சாய்த்து உட்கார வையுங்கள். ஆஸ்பிரினை மெல்லச் சொல்லலாமா என்று அந்த அழைப்பிலேயே கேளுங்கள். ஒவ்வாமை, குடல்புண், இரத்தக்கசிவு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வேண்டாம். பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் நம்ப வேண்டாம். நினைவிழந்து மூச்சும் நின்றால் நடுநெஞ்சில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

8. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்றாகாது. சில மணி நேரம் கழித்துத் திரும்ப ஈசிஜியும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னால் பொறுத்திருங்கள். பழைய ஈசிஜி கையில் இருந்தால் டாக்டருக்கு ஒப்பிட உதவும். அந்தத் தாள் நாளடைவில் மங்கிவிடும் என்பதால் இன்றே போனில் படமெடுத்து வையுங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை அரசு ஆஸ்பத்திரிகள், திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் ஆகியவற்றின் எண்களைக் கேட்டு வாங்கி, இரவில் எங்கே என்ன வசதி உண்டு என்பதையும் விசாரித்து, காலண்டரின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.