சிலையைத் தொட்டால் என்ன?

கேள்வி: அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலச் சிலையை என் மகன் தொட்டதும் காவலர் அதட்டிவிட்டார். ஒரு குழந்தை தொட்டால் சிலை தேய்ந்துவிடுமா? – ஒரு வாசகி, கரூர்

பதில்: ஒரு குழந்தை தொட்டால் தேயாது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் தொட்டால் தேயும். வாடிகனின் புனித பேதுரு பேராலயத்தில் பேதுருவின் வெண்கலச் சிலை இருக்கிறது. பக்தர்கள் பல நூற்றாண்டுகளாகத் தொட்டும் முத்தமிட்டும் வந்ததில் அதன் வலது பாதம் விரல்களே தெரியாமல் வழவழவென்று ஆகிவிட்டது. வியர்வையில் உள்ள உப்பு உலோகத்தை அரிக்கும். கையின் எண்ணெய்ப் பிசுக்கு பளிங்கின் நுண்துளைகளில் இறங்கிக் கறையாகும். ஓவியமோ இவற்றைவிட மென்மையானது.

ஆகவே தடை நியாயம்தான். அதட்டல் தேவையில்லை.

தொடுவதற்கென்றே கலை உண்டு. சிகாகோவில் அனிஷ் கபூர் படைத்த ‘கிளவுட் கேட்’டை யார் வேண்டுமானாலும் தொடலாம், துருப்பிடிக்காத எஃகு, துடைத்தால் போதும். இத்தாலியின் அங்கோனா நகரில் பார்வையற்ற தம்பதியரின் முயற்சியால் 1993-இல் உருவான ஓமேரோ அருங்காட்சியகத்தில் மைக்கலாஞ்சலோ சிற்பங்களின் நகல்களைக் கையால் தடவியே அறியலாம். டெல்லி தேசிய அருங்காட்சியகத்திலும் ‘அனுபவ்’ என்ற தொடு கூடத்தை 2015-இல் திறந்தார்கள். பார்வையற்றவர்களுக்காக அமைத்தது அது. குழந்தைகளுக்கும் அப்படியொரு வாசல் வேண்டும், ஏனென்றால் அவர்கள் விரலால்தான் முதலில் படிக்கிறார்கள்.

அசலைக் கண்ணால் பார்க்கட்டும், நகலைக் கையால் தொடட்டும். அடுத்த முறை போகும்போது, தொட்டுப் பார்க்க நகல்கள் வேண்டும் என்று பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வாருங்கள். மகனையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.