துப்பாக்கி செல்லாத ஊரில் ஒரு போலீஸ்காரர்

கேள்வி: பழமையும் நவீனமும் மோதும் நல்ல க்ரைம் த்ரில்லர் ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 1985-ல் வெளிவந்த 'விட்னஸ்'. ஆஸ்திரேலியரான பீட்டர் வியர் ஹாலிவுட்டில் இயக்கிய முதல் படம்.

பிலடெல்பியா ரயில் நிலையக் கழிப்பறையில் ஒரு கொலை. பார்த்த ஒரே சாட்சி, அம்மாவுடன் பயணம் செய்யும் ஆமிஷ் சிறுவன். ஆமிஷ் மக்கள் கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகிறவர்கள். மனிதர்மேல் கை ஓங்குவதே பாவம் என்று வாழும் கிறிஸ்தவர்கள். கொலையாளி ஒரு போலீஸ்காரர் என்று தெரிந்ததும், விசாரணை அதிகாரியான ஹாரிசன் ஃபோர்ட் குண்டடி பட்டு அவர்களுடைய பண்ணையில் ஒளிய நேர்கிறது.

அதன்பின் படம் நிதானமாகிறது. ஊரே கூடி ஒரு களஞ்சியத்தை எழுப்பும் காட்சியில் வசனம் மிகக் குறைவு. மோரிஸ் ஜாரின் இசையே பேசுகிறது. நட்சத்திரமாவதற்கு முன் ஃபோர்ட் நிஜமாகவே தச்சு வேலை பார்த்தவர் என்பதால், சுத்தியல் அவர் கையில் இயல்பாக இருக்கிறது. அதே மனிதர், ஆமிஷ்காரர்களைச் சீண்டும் ஒரு முரடனின் மூக்கை உடைக்கும்போது நாம் கைதட்டுகிறோம். ஆனால் அந்த அடிதான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. எந்த வாழ்க்கை உயர்ந்தது என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒன்று இன்னொன்றுக்குள் நுழைந்தால் என்ன விலை என்று மட்டும் காட்டுகிறது.

எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள். திரைக்கதைக்கும் படத்தொகுப்புக்கும் விருது கிடைத்தது. தங்களைப் படமெடுப்பதையே விரும்பாத ஆமிஷ் மக்களிடமிருந்து எதிர்ப்பும் வந்தது.

கொலைக் காட்சி கடுமையானது. குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.