மூளை முடக்குவாதம்: வளரும் வயதில் பயிற்சியை நிறுத்தாதீர்கள்



"சின்ன வயதில் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இப்போது பிள்ளை கனக்கிறது, விட்டுவிட்டோம்." மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் கேட்கும் பேச்சு இது. ஆனால், விடக்கூடாத வயதே அதுதான்.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளாக ஆகக் கூடுவதில்லை. உடல்தான் வளர்கிறது. பத்து வயதுக்கு மேல் எலும்பு வேகமாக நீளும். இறுகிய தசை அதற்கு ஈடுகொடுக்காது. அதனால் முழங்கால் மடங்கும், குதிகால் தரையில் படாது. நடந்துகொண்டிருந்த பிள்ளையும் நடை குறைந்து உட்கார்ந்துவிடலாம்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது மட்டும் பயிற்சி ஆகாது. பிறர் அசைத்துவிடுவதைவிட, பிள்ளை தானே முயன்று செய்வதே அதிகப் பலன் தரும். கனமான பயிற்சி இறுக்கத்தைக் கூட்டும் என்ற பயமும் வேண்டாம். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இறுக்கத்தைக் கூட்டுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

இயன்முறை மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் செய்யக்கூடியவை:

1. பிள்ளையே ஓர் இலக்கைச் சொல்லட்டும்: ஒளு செய்யக் குழாயைத் தானே திறப்பது, பள்ளிவாசல் படி ஏறுவது. அந்த வேலையையே தினமும் பழக்குங்கள்.
2. நிற்க முடிந்த பிள்ளை, முக்காலியிலிருந்து எழுந்து உட்காரட்டும். உயரத்தைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.
3. ஒரு கை மட்டும் பலவீனம் என்றால், விளையாட்டிலும் சாப்பாட்டிலும் அந்தக் கைக்கும் வேலை கொடுங்கள்.
4. நடக்க முடியாத பிள்ளைக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகலாம். தொடக்கத்தில் வலி தெரியாது. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

வலியால் பிள்ளை அழுதால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை பற்றிக் கேளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தை அணுகலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று, பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அரூர், பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தினர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் ஊனமாக ஏற்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். உதவித்தொகைக்கும் உபகரணங்களுக்கும் அதுவே முதல் படி.

தாய் ஒருத்தியே தூக்கி, பழக்கி, ஓய்ந்துபோகக் கூடாது. தந்தையும் அண்ணன் தம்பிகளும் ஆளுக்கு ஒரு வேளை எடுத்துக்கொண்டால் பயிற்சி நிற்காது, இன்ஷா அல்லாஹ்.