பூக்கரகம்

பெங்களூருவின் பழைய நகர்ப்பகுதியான திகளர்பேட்டையில் தர்மராயர் கோயில் உள்ளது. பாண்டவரையும் திரௌபதியையும் வழிபடும் கோயில் இது. கன்னட நாட்டின் சைத்திர மாதப் பௌர்ணமி இரவில் இங்கிருந்து கரகம் புறப்படும். அவ்விரவு முழுவதும் பேட்டைத் தெருக்கள் உறங்குவதில்லை.

இவ்விழாவை நடத்துவோர் திகளர். பல தலைமுறைகளுக்கு முன்பே இங்குக் குடியேறிய, தமிழ் பேசும் தோட்டக்காரர்கள் இவர்கள். (கன்னடத்தில் 'திகளர்' என்னும் சொல் தமிழரைக் குறிக்கவும் வழங்கியதுண்டு.) 1760ஆம் ஆண்டில் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டத்தை வளர்த்தவர்களுள் திகளரும் இருந்தனர். ஏரிகளை ஒட்டிய நிலங்களில் பூவும் கீரையும் காய்கனியும் பயிரிட்டு நகருக்கு வழங்கினர்.

அவர்கள் நாள்தோறும் கையாண்ட மண்ணும் நீரும் மல்லிகையுமே விழாவின் உயிராக விளங்குகின்றன. பௌர்ணமிக்கு முன்னர் நீர்நிலையருகே பச்சைக் கரகம் வழிபடப்பெறும். பௌர்ணமி இரவில் பூசாரி பெண்ணுடை அணிந்து, வளையல் பூண்டு, மல்லிகையால் கோபுரம்போல் உயர்ந்த கரகத்தைத் தலையில் தாங்கி வருவார். கரகத்தைக் கையால் பிடிப்பதில்லை! உருவிய வாளுடன் வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவர். வழியில் காட்டன்பேட்டையிலுள்ள தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் நின்று செல்லும். இவ்வழக்கம் நெடுங்காலமாகத் தொடர்கிறது.

பச்சைக் கரகத்திற்குரிய நீர்நிலை சம்பங்கி ஏரியாகும். நகரம் வளர, தோட்டங்கள் வீட்டுமனைகளாயின, ஏரியும் வற்றியது. அவ்விடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. எனினும் கரகச் சடங்கிற்காக அதனருகே ஒரு சிறு குளம் எஞ்சியுள்ளது. வழிபாட்டில் இடம்பெற்றிராவிடில் அதுவும் மறைந்திருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது. திகளருள் பலர் இன்று அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பணிபுரிகின்றனர். மண்வெட்டி பிடித்தறியாத இளைஞரும் அவ்விரவில் வாளேந்தி நடக்கின்றனர்.

சொற்பொருள்
பச்சைக் கரகம் – சுடாத மண்ணாலான கரகம்
எஞ்சிய – மீதமிருந்த

விடை எழுதுக
1. திகளரின் தொழிலுக்கு ஏரி ஏன் தேவைப்பட்டது?
2. கரக வழிபாட்டில் அவர்களது தொழிலை நினைவூட்டும் பொருள்கள் யாவை?
3. உங்கள் பெற்றோர் தம் தொழிற்கருவிகளை வணங்கும் நாள் எது? அன்று வீட்டிலோ பணியிடத்திலோ என்ன செய்வர் எனக் கேட்டு, ஐந்து வரிகளில் எழுதுக.