கட்டியின் வடிவம் சொல்லும் கணக்கு

(இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை, கல்லங்குறிச்சி)



ஒருவருக்கு மூளையில் கட்டி என்று கேள்விப்பட்டால் நம்ம ஊர்ப்பக்கம் முதலில் கேட்பது, "எவ்வளவு பெரிசாம்?" என்பதுதான். நெல்லிக்காய் அளவு, எலுமிச்சம்பழம் அளவு என்று பேசிக்கொள்வார்கள். ஆனால் மெனிஞ்சியோமா என்னும் கட்டிக்கு, "என்ன வடிவம்?" என்ற கேள்வியும் முக்கியம்.

மெனிஞ்சியோமா மூளைக்குள் முளைப்பதல்ல. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் உண்டாகி, மூளையை அழுத்துவது. 1922ல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். பத்தில் சுமார் எட்டுக் கட்டிகள் மெதுவாக வளரும் முதல் தர வகை, புற்றுநோய் அல்ல. ஆனாலும் அறுவைக்குப் பிறகு மறுபடி வளரக்கூடும். அது ஏன்?

வயலில் வெங்காயத்தைப் பிடுங்கினால் முழுசாகக் கையோடு வரும். அருகம்புல்லைப் பிடுங்கிப் பாருங்கள். எங்கேயாவது ஒரு கணு மண்ணுக்குள் தங்கிவிடும். உருண்டையான மெனிஞ்சியோமா வெங்காயம் மாதிரி. சில கட்டிகளோ உறையின் மேல் தகடுபோல் படர்ந்து எலும்புக்குள்ளும் இறங்கும். அவற்றை முழுதும் எடுப்பது கடினம். மேடும் பள்ளமுமாக, காளான்போல் புடைத்து வளரும் கட்டிகளிலோ ஒரு பகுதி மற்றதைவிட வேகமாக வளர்வதாக இருக்கலாம்.

மிச்சம் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1957ல் டொனால்டு சிம்ப்சன் என்பவர் கணக்கெடுத்தார். கட்டி, அது ஒட்டியிருந்த உறை, கெட்ட எலும்பு எல்லாம் எடுக்கப்பட்டவர்களில் சுமார் 9 சதவீதம் பேருக்கே கட்டி திரும்ப வந்தது. ஒரு பகுதி மட்டும் எடுக்கப்பட்டவர்களில் அது 44 சதவீதம்.

இனி நம்ம பாடத்துக்கு வருவோம். ஒரு பொருளின் கன அளவே கொண்ட கோளத்தின் பரப்பை, அந்தப் பொருளின் பரப்பால் வகுத்தால் வருவது கோளத்தன்மை. 27 கன செ.மீ. கோளத்தின் பரப்பு சுமார் 43.5 சதுர செ.மீ.; கோளத்தன்மை 1. அதே கன அளவுள்ள 3 செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 54; கோளத்தன்மை 0.81. அதையே 9 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், அரை செ.மீ. தடிமன் உள்ள தகடாக்கினால் பரப்பு 123, கோளத்தன்மை 0.35 தான். கன அளவு ஒன்றே, ஆனால் சுற்றியுள்ளதைத் தொடும் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு! ஸ்கேன் படங்களில் இதை அளந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2019ல் வெளிவந்தது. கோளத்தன்மை குறைந்த மெனிஞ்சியோமாக்கள் மீண்டும் வளர்வதோடும், ஆயுள் குறைவதோடும் தொடர்புடையவை என்று அது கண்டது. வடிவம் மட்டுமே விதி என்பதல்ல. கட்டியின் தரத்தைப் பயாப்சிதான் உறுதி செய்யும். வடிவம் முன்கூட்டியே கிடைக்கும் ஒரு எச்சரிக்கை.

1949ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950ல் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைப் பிரிவுகளைத் தொடங்கியபோது இப்படிப் பார்க்க சி.டி. ஸ்கேன் கிடையாது. 1971ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையை அந்த ஸ்கேன் படமெடுத்தது. அதைக் கண்டுபிடித்த காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவர் அல்ல. நம்மைப் போல டிப்ளமோ படித்த பொறியாளர்! 1979ல் நோபல் பரிசும் பெற்றார்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் பெரியம்மா. சென்ற ஆண்டு அவருக்கு அறுவை நடந்தது. உருண்டையாக இருந்த பகுதி வந்துவிட்டது. நரம்பை ஒட்டிப் படர்ந்த பகுதியைத் தொடவில்லை, ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அதைப் படித்துச் சொல்ல நான் ஒருவன்தான். "தலைவலிதான் போயிடுச்சே, எதுக்குடா வீண் செலவு?" என்றார் பெரியம்மா. அருகம்புல் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கடலை வித்ததும் போவோம்" என்றார்.

நண்பர்களே! உங்கள் உறவில் யாருக்காவது இந்த அறுவை நடந்தால் நான்கு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்: கட்டி என்ன வடிவம்? எவ்வளவு எடுத்தார்கள்? பயாப்சியில் எந்தத் தரம்? அடுத்த ஸ்கேன் எப்போது? பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் முதலில் படித்தவர்கள் நாம். அந்த நோட்டு நம் கையில்தான் இருக்க வேண்டும்.